தருணத் தேர்வு (மேஜிக்: தி கேதரிங்)

மேஜிக்: தி கேதரிங் சீட்டாட்டத்தில் ஒரு மந்திரச் சீட்டை எந்தக் கணத்தில் இறக்குவது என்று முடிவு செய்யும் திறனே தருணத் தேர்வு. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993-இல் வெளிவந்த இவ்வாட்டத்தில் ‘சார்சரி’ வகைச் சீட்டுகளைப் பொதுவாகத் தன் முறையின் முதன்மைக் கட்டங்களில் மட்டுமே போடலாம். ‘இன்ஸ்டன்ட்’ வகையை எதிராளியின் முறையிலும் போடலாம்.

1999-இல் ஆறாம் பதிப்பு விதிகளுடன் ‘ஸ்டாக்’ எனும் அடுக்கு முறை வந்தது. மந்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, கடைசியாக வந்தது முதலில் நிறைவேறும். ‘லைட்னிங் போல்ட்’ 3 சேதம் விளைவிக்கும். ‘ஜயன்ட் க்ரோத்’ ஓர் உயிரிக்கு அம்முறை முடியும்வரை +3/+3 (தாக்கும் வலு/தாங்கும் வலு) கூட்டும். 3/3 உயிரியின்மேல் முந்திக்கொண்டு போல்ட்டைப் போட்டால், எதிராளி க்ரோத்தைப் பதிலாக இறக்கி அதைக் காப்பாற்றிவிடுவார். அவர் க்ரோத்தை இறக்கும்வரை பொறுத்திருந்து, அது நிறைவேறுமுன் பதிலடியாகப் போல்ட்டைப் போட்டால் உயிரி சாகும். க்ரோத்தும் இலக்கிழந்து வீணாகும். சீட்டுகள் அவையேதான், வரிசைதான் வேறு.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் பல இன்ஸ்டன்ட்களை எதிராளியின் முறை முடியும் கட்டத்தில் போடுவர். அதுவரை, சீட்டுகளைப் போடச் செலவாகும் ஆற்றலான மானாவைக் ‘கவுன்டர்ஸ்பெல்’ போன்ற தடுப்புச் சீட்டுக்கு வைத்திருக்கலாம். மானா தரச் செலவழித்த நிலச் சீட்டுகளும் உடனே வரும் தம் முறையில் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்துவிடும். ஆனால் பொறுமையை விதியாக்கிக்கொள்வதும் பிழை: எதிராளி மானா முழுவதையும் செலவழித்து நிற்கும்போது அவரால் பெரும்பாலும் பதில் தர முடியாது, போல்ட்டை அப்போதே போட்டுவிட வேண்டும்.