திபெத்திய ஸி மணி: அணிமரபும் பொருளும் வரலாறும்

முன்னுரை

திபெத்திய மக்களின் அணிகலன்களில் பவளமும் பசுநீலக்கல்லும் அம்பரும் மிகுதியாக இடம்பெறுகின்றன. ஆயினும் அவற்றுள் தலைமை பெறுவது 'ஸி' எனப்படும் மணியே ஆகும். அகேட் என்னும் கல்லில் கரும்பழுப்பு நிறத்தின் மேல் வெண்கோடுகளும் வெள்வட்டங்களும் அமைந்த இம்மணியைத் திபெத்தியர் கழுத்தணியின் நடுவில் கோத்து அணிவர். தெய்வ உருவங்களுக்கும் சாத்துவர். தலைமுறைதோறும் இதனைக் குடும்பச் சொத்தாகக் காத்து வருவர்.

இம்மணியைப் பற்றி இருவேறு கூற்றுகள் வழங்குகின்றன. இது மனிதக் கையால் செய்யப்பட்டதன்று, தானே தோன்றியது என்பது திபெத்திய மரபு. இது கைதேர்ந்த கல்வினைஞர் தீயும் காரமும் கொண்டு செய்தது என்பது தொல்லியல். இவ்விரண்டுள் ஒன்றை மெய் என்றும் மற்றொன்றைப் பேதைமை என்றும் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் மரபுக் கதைகளைக் கூர்ந்து நோக்கின், அவை மணியின் வரலாற்றுக்குரிய சில உண்மைகளைத் தம்முள் பொதிந்து வைத்திருப்பது புலனாகும். அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயரும் வகையும்

திபெத்திய எழுத்தில் இச்சொல் ககர முன்னெழுத்துடன் எழுதப்படுகிறது; ஒலிக்கும்போது அவ்வெழுத்து மறைந்து 'ஸி' என்றே ஒலிக்கும். வணிக வழக்கில் இது 'ட்சி' எனத் திரிந்து வழங்குகிறது. சொல்லுக்கு ஒளி, பொலிவு, மாட்சிமை என்பன பொருள். பொன் சமயத்தைத் தோற்றுவித்தவராகக் கருதப்பெறும் தோன்பா ஷென்ராப்பின் விரிவான வாழ்க்கை வரலாற்று நூலும் இச்சொல்லை முதலாகக் கொண்ட 'ஸிஜி' என்னும் பெயரையே பெற்றுள்ளது. எனவே மணியின் பெயர் அதன் வடிவத்தையோ கல்லையோ குறிக்காமல், அதிலிருந்து வெளிப்படும் ஆற்றலைக் குறிக்கிறது எனலாம்.

மணியில் அமைந்த வட்டங்களைத் திபெத்தியர் 'மிக்', அதாவது கண் என்பர். கண்களின் எண்ணிக்கை கொண்டே மணி பெயர் பெறும். ஒன்பது கண் மணி பெரிதும் போற்றப்படுகிறது. ஒரு புறம் வட்டமும் மறுபுறம் சதுரமும் கொண்டது வான்–மண் மணி எனப்படும். குதிரைப்பல், தாமரை, நெடுவாழ்வுக் கலசம் முதலியவற்றின் பெயர் பெற்ற மணிகளும் உள. கல்லில் இயல்பாகவே அமைந்த பட்டைகளைக் கொண்ட மணிகள் 'சுங்' என வேறு பெயர் பெற்று, மதிப்பில் அடுத்த படியில் வைக்கப்படுகின்றன. இயற்கைக் கோடு உடையதைவிடச் செயற்கைக் கோடு உடையதே உயர்ந்தது எனக் கொள்ளும் இம்மரபு, அச்செயற்கைக் கோட்டையே இயற்கை கடந்தது எனவும் கொள்வது கருதத்தக்கது.

2. தோற்றக் கதைகள்

ஸி மணி பற்றிய திபெத்திய வழக்காறுகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்களுள் ஆஸ்திரிய இனவரைவியலாளர் ரெனே த நெபெஸ்கி-வோய்கோவித்ஸ் முதன்மையானவர். 1952இல் வெளிவந்த அவருடைய கட்டுரை இத்துறையில் இன்றும் அடிப்படையாக விளங்குகிறது. அவ்வழக்காறுகளை நான்கு வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, ஸி என்பது ஒரு காலத்தில் உயிருள்ள புழுவாக அல்லது பூச்சியாக மண்ணில் ஊர்ந்தது. மனிதக் கை பட்டதும் கல்லாய் உறைந்தது என்பது. இரண்டாவது, அது தேவர்களின் அணிகலன். சிறிது பழுதுற்றதும் அவர்கள் அதனை நிலவுலகில் எறிந்துவிடுவர் என்பது. மூன்றாவது, காவியத் தலைவன் கேசர் மேற்கேயுள்ள தக்சிக் நாட்டை வென்று அதன் செல்வத்தோடு ஸி மணிகளையும் கொண்டுவந்தான் என்பது. நான்காவது, மேற்குத் திபெத்தில் ருதோக் அருகேயுள்ள ஒரு மலையிலிருந்து ஸி மணிகள் ஊற்றெனப் பெருகி வழிந்தன. கண்ணேறு உடைய பெண்ணொருத்தி நோக்கியதும் அவ்வூற்று நின்றுபோயிற்று என்பது.

நான்கு கதைகளும் தம்முள் முரண்படுகின்றன. புழுவாகப் பிறந்த மணி தேவரின் அணியாக இருத்தல் இயலாது. மலையூற்றில் வழிந்தது அயல்நாட்டுக் கொள்ளைப் பொருளாதலும் இயலாது. ஆயினும் நான்கும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றன. எந்தக் கதையிலும் மணி செய்யும் வினைஞன் இல்லை. மணி கிடைக்கிறது, விழுகிறது, வழிகிறது, வென்று கொண்டுவரப்படுகிறது, செய்யப்படுவதில்லை. இவ்வின்மை தற்செயலானதன்று.

3. எழுத்துச் சான்றுகள்

11ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'புதிய தாங் வரலாறு' என்னும் சீன நூல், திபெத்தியப் பேரரசின் அதிகாரிகள் தம் படிநிலையைக் காட்ட அணிந்த சின்னங்களை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் பொன்னுக்கும் மேலாக 'செசெ' என்னும் மணி முதலிடம் பெறுகிறது. அதே நூற்றாண்டில் எழுந்த ஐந்து அரசமரபுகளின் வரலாற்று நூல், திபெத்தியப் பெண்டிர் பின்னிய கூந்தலில் செசெ மணி அணிவர் என்றும், நல்ல மணி ஒன்று உயர்ந்த குதிரை ஒன்றுக்கு ஈடாகும் என்றும் குறிக்கிறது.

செசெ என்பது ஸி மணியே என்பார் சிலர். ஒலியொப்புமை அவர்களுக்குத் துணை நிற்கிறது. அது பசுநீலக்கல் அல்லது நீலநிறக் கல் வகை என்பார் வேறு சிலர். ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு முடிவு காண்பது சொல்லாய்வு நெறிக்குப் பொருந்தாது. எனினும், பொன்னைவிட மணியை உயர்வாக மதிக்கும் சமூக ஒழுங்கு திபெத்தில் பேரரசுக் காலத்திலேயே நிலவியது என்னும் அளவில் இச்சான்று ஐயத்திற்கு அப்பாற்பட்டது. 13ஆம் நூற்றாண்டுப் பயணியான மார்க்கோ போலோவும், திபெத்தியர் பவளத்தைப் பெண்டிர் கழுத்திலும் தெய்வ உருவங்களிலும் அணிவித்து மகிழ்வதைக் குறித்துள்ளார். மனிதருக்கும் தெய்வத்திற்கும் ஒரே அணி என்னும் இம்மரபு, ஸி மணிக்கும் பொருந்தும். லாசா ஜோகாங் கோயிலின் ஜோவோ சாக்கியமுனி உருவத்தின் அணிகளிலும் ஸி மணிகள் இடம்பெற்றுள்ளன.

4. செய்முறையும் அகழாய்வும்

அகேட் என்பது குவார்ட்சின் நுண்படிக வகையைச் சார்ந்த பட்டைக்கல். மிகுந்த கடினமும் நுண்துளைகளும் ஒருங்கே கொண்டது. கடினத்தால் அது தேயாமல் நெடுங்காலம் நிலைக்கிறது; நுண்துளைகளால் சாயத்தையும் காரத்தையும் உள்வாங்குகிறது. கல்லின் மேல் காரக் குழம்பால் கோடிட்டுச் சுட்டால் கோடுகள் வெண்மை பெற்றுக் கல்லோடு ஒன்றிவிடும். சிந்து மாநிலத்தின் சேவான் என்னும் ஊரில் முதியவர் ஒருவர் செடிச்சாறு கலந்த சோடாக் குழம்பு கொண்டு சூதுபவளத்தில் கோடிட்ட முறையை எர்னஸ்ட் மக்கே 1933இல் வெளியிட்டார். அதே ஆண்டில் ஹொரேஸ் பெக், இவ்வகைக் கோட்டு மணிகளைக் கி.மு. 2000க்கு முற்பட்டவை, கி.மு. 300 முதல் கி.பி. 200 வரையானவை, கி.பி. 600 முதல் 1000 வரையானவை என மூன்று காலப்பகுதிகளுள் அடக்கினார். ஹரப்பா நாகரிகத்தின் கோட்டு மணிகள் மெசபொத்தேமியாவின் ஊர் நகரக் கல்லறைகள் வரை சென்றுள்ளன.

ஸி மணியில் இம்முறை இருமடியாகிறது. கல்லைக் கருமையாக்குவது ஒன்று, கோடுகளை வெளுப்பது மற்றொன்று. திபெத்தியர் வைத்திருந்த மணிகள் பலவும் அகழாய்வில் கிடைத்தவை அல்ல ஆதலின், அவற்றின் காலத்தை வரையறுப்பது நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. 2014இல் மேற்குத் திபெத்தின் ங்காரிப் பகுதியில், சாண்டா வட்டத்து இடுகாடு ஒன்றில் ஸி மணி முறையான அகழாய்வில் வெளிப்பட்டது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அவ்விடுகாடு, திபெத்தியப் பேரரசு மேற்கே பரவுவதற்கு முன்னர் ஷாங்ஷுங் பண்பாடு நிலவிய நிலப்பகுதியைச் சேர்ந்தது.

இக்கோட்டு மணித் தொழில்நுட்பம் தென்னகத்திலும் அறியப்பட்டிருந்தது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நிகழ்த்திய கொடுமணல் அகழாய்வுகள், அகேட், சூதுபவளம் முதலிய கற்களில் மணி செய்த தொழிற்கூடங்களையும் பெருங்கற்காலக் கல்லறைகளில் இட்ட மணிகளையும் வெளிப்படுத்தின. கோட்டுச் சூதுபவள மணிகளும் அங்குக் கிடைத்துள்ளன. எனினும் நுட்பத்தின் ஒப்புமையை வணிகத் தொடர்புக்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. கொடுமணலில் நமக்குத் தொழிற்கூடம் கிடைத்துள்ளது. பதிற்றுப்பத்து அவ்வூரின் கைவினையை நினைவில் வைத்துள்ளது. ஸி மணிக்கோ இத்தகைய தொழிற்கூடமும் இல்லை, வினைஞரைப் பாடிய இலக்கியமும் இல்லை. இவ்வேறுபாடே நம் ஆய்வுக்கு இன்றியமையாதது.

5. கதையும் சான்றும்

மேற்கண்ட தொல்லியல் செய்திகளோடு கதைகளை ஒப்பிட்டு நோக்கலாம். மண்ணில் ஊர்ந்த புழு என்னும் கதை, உழவரும் மேய்ப்பரும் மணிகளை நிலத்தில் தற்செயலாகக் கண்டெடுத்த நடைமுறையை உணர்த்துகிறது. பழுதுற்றதால் தேவர் எறிந்தனர் என்னும் கதை, கிடைக்கும் பழைய மணிகள் பலவும் விளிம்பு சிதைந்தோ உடைந்தோ இருப்பதற்கு விளக்கம் தருகிறது. தக்சிக் நாட்டிலிருந்து வந்தது என்பது, மணியின் மூலம் மேற்குத் திசையோடு தொடர்புடையது என்னும் நினைவைக் காட்டுகிறது. பாரசீகத்தையும் அதனைச் சூழ்ந்த நிலங்களையும் குறிக்கத் திபெத்தியர் வழங்கிய பெயரே தக்சிக். ருதோக் மலையூற்றுக் கதை சுட்டும் நிலமும் ங்காரிப் பகுதியே; அகழாய்வு மணியைத் தந்ததும் அப்பகுதியே.

இவ்வொப்புமைகள் கதையை வரலாறாக்கிவிடா. ஆனால் ஊற்று நின்றுபோயிற்று என்னும் செய்தி ஆழ்ந்து நோக்கத்தக்கது. முன்பு கிடைத்தது, இனிக் கிடைக்காது என்பதே அதன் உட்பொருள். செய்தவர் மறைந்தனர், செய்முறை அறுந்தது, மணி மட்டும் எஞ்சியது. அவ்வறுதியை மக்கள் நினைவு கண்ணேறாக உருவகித்துக் கொண்டது எனலாம். வினைஞன் இல்லாத கதை, வினைஞனை இழந்த சமூகத்தின் கதையே ஆகும்.

6. அணிதலின் பொருள்

செய்தவன் அறியப்படாத பொருளுக்கு விலை கூறுதல் அரிது. ஆகவே ஸி மணியின் மதிப்பு கைத்திறனால் அன்றி, பெற்ற பேற்றாலும் வழிவழி உரிமையாலும் அமைந்தது. தாயிடமிருந்து மகளுக்கும், முன்னோரிடமிருந்து குடிக்கும் அது கடந்து வந்தது. தீய ஆவிகளையும் கண்ணேற்றையும் அது தடுக்கும் என்பது நம்பிக்கை. அணிந்திருக்கும் மணி உடைந்தால், அணிந்தவருக்கு வரவிருந்த தீங்கை அது தான் ஏற்றது என்பர். கண் வடிவே கண்ணேற்றுக்குக் காப்பு என்னும் கருத்தும் இதனுள் அடங்கும்.

திபெத்திய மருத்துவ மரபு ஸியையும் மருந்துப் பொருள்களுள் ஒன்றாகக் கொள்கிறது. பழைய மணிகள் சிலவற்றில் காணப்படும் சிறு குழிகள், மருந்துக்குப் பொடி சுரண்டிய தடங்களாகக் கருதப்படுகின்றன. குடும்பச் செல்வமாகிய மணியைச் சிதைத்தேனும் நோயாளியைக் காக்க முற்பட்டனர் என்பதை இத்தடங்கள் உணர்த்துகின்றன. அவர்களுக்கு மணி காட்சிப் பொருளன்று, வாழ்வுக்குத் துணை.

7. புலப்பெயர்வும் சந்தையும்

1959இல் தலாய் லாமாவைத் தொடர்ந்து ஏறத்தாழ 80,000 திபெத்தியர் நாடு நீங்கினர். நிலத்தையும் கால்நடையையும் விட்டு வந்தவர்கள் உடலில் அணிந்து வர இயன்றது அணிகலன் ஒன்றே. 1960 முதல் கர்நாடகத்தின் பைலகுப்பே முதலிய இடங்களில் குடியேற்றங்கள் அமைந்தன. உணவுக்கும் உறையுளுக்கும் ஆக அவர்கள் தம் மணிகளை விற்க நேர்ந்தது. திபெத்தினுள்ளும் 1966 முதல் 1976 வரையான பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் பழம்பொருள்கள் பறிக்கப்பட்டன, மறைக்கவும் பட்டன.

1990களில் தைவானிலும் பின்னர்ச் சீனாவிலும் ஸி மணி 'வான்மணி' என்னும் பெயரில் பெருவணிகப் பொருளாயிற்று. புதிதாகச் செய்த மணிகள் அளவின்றிப் பெருகின. விற்பவர் நற்பேறு, செல்வம் எனக் கண்ணுக்கொரு பலன் கூறத் தொடங்கினர். கைம்மாறிய பழைய மணிகளோ எந்தக் குடும்பத்தில் இருந்தன, எந்த நிலத்தில் கிடைத்தன என்னும் செய்தியை இழந்து வந்து சேர்ந்தன. வினைஞனின் பெயரை முன்பே இழந்த மணி, உரியவரின் பெயரையும் இழந்தது. முதலிழப்பைக் கதைகள் ஈடுசெய்தன. இரண்டாம் இழப்பை விலைச்சீட்டு ஈடுசெய்யாது.

முடிவுரை

ஸி மணி மனிதர் செய்ததே என்பதில் ஐயமில்லை. எனினும் அது செய்யப்படாதது எனக் கூறும் கதைகள், மணி கிடைத்த விதத்தையும் அதன் சிதைவையும் திசையையும் செய்முறை அறுந்த நிலையையும் தம் வழியில் காத்து வைத்துள்ளன. அகழாய்வும் வழக்காறும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. மணியின் பிறப்பை முன்னது கூறும், வாழ்வைப் பின்னது கூறும். இந்நாட்டுக் குடியேற்றங்களில் வாழும் திபெத்திய முதியோரிடம் தத்தம் குடும்ப மணிகளின் வரலாறு இன்னும் எஞ்சியுள்ளது. 1959இல் எல்லை கடந்த தலைமுறை அருகி வரும் இக்காலத்தில், மணியைச் சேர்ப்பதினும் அதனோடு வந்த சொல்லைச் சேர்ப்பதே நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் முன்னுள்ள உடனடிக் கடமையாகும்.