அளவும் மொழியும்: யாழ்ப்பாணத் தீவகத்தில் மருந்தறிவு பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகிற் செல்ல ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். காற்றுக் காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. இத்தகைய தீவில் இரவிற் காய்ச்சலோடு கொண்டுவரப்படும் குழந்தைக்கு எவ்வளவு மருந்து கொடுப்பது என்னும் வினா எழும்போது விடைகூற வேண்டியிருந்தவர் பெரும்பாலும் நிபுணர் அல்லர். அப்போதிக்கரியோ, மருந்தாளரோ, மருத்துவ உதவியாளரோதான். இவ்விடைநிலை ஊழியரின் மருந்தறிவு எங்கிருந்து, எம்மொழியில் வந்தது என்பதே ஈண்டு நாம் நோக்க விழைவது.

அளவு பற்றிய பிரக்ஞை மேனாட்டு வைத்தியத்தோடு வந்ததன்று. செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய நூல்களைத் தந்த மரபில் திரிகடிப்பிரமாணம், வெருகடி, குன்றியெடை, பணவெடை எனப் பல அளவைகள் வழங்கின. கடுக்காய்த் தூளை மூன்று விரலால் அள்ளலாம். எட்டியையும் பாடாணத்தையும் அவ்வாறு அள்ளமுடியாது என்பதை வைத்தியர் அறிந்திருந்தனர். ஆயின் அவ்வறிவு குடும்ப உடைமையாக, பரம்பரைக்குள் அடைபட்டுக் கிடந்தது. அளவு மறைபொருளாக இருக்கும்வரை அதனைச் சரிபார்க்கப் பிறரால் இயலாது.

அதனை அச்சேறிய, வகுப்பறையிற் கற்கத்தக்க பொதுவறிவாக்கிய முயற்சியில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனுக்குத் (1822–1884) தனியிடமுண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அவர் முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். ஆங்கிலங்கற்ற மாணவர் அரசாங்க உத்தியோகத்தை நாடிக் கிராமங்களை விட்டகன்றனர். தாயகஞ் சென்று 1862 இல் மீண்ட கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் புகட்டலானார். இரணவைத்தியம் (1867), வைத்தியாகரம் (1872), கெமிஸ்தம் (1875) முதலிய நூல்கள் இத்தேவையின் விளைவுகள். 1868 இல் வேறிங் வெளியிட்ட இந்திய மருந்து நூலின் தமிழாக்கமான இந்து பதார்த்த சாரம் 1880களில் வெளிவந்தது. மருந்தின் பெயர், குணம், அளவு என்பன தமிழ் அச்சில் ஒருங்கே அமைந்தமை சிறிய காரியமன்று. கிறீனின் நோக்கம் மதப்பிரசாரமே. எனினும் நோக்கத்தையும் விளைவையும் ஒன்றெனக் கருதுவது வரலாற்றுப் பொருள்முதல்வாதத்துக்கு ஒவ்வாது.

1873 இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. அதற்குத் தமிழின் இயலாமையைக் காரணங்காட்டுவோர் உளர். 1870 இற் கொழும்பில் நிறுவப்பட்ட மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் இயங்கியது. குடியேற்ற அரசின் சம்பளமும் பதவியும் ஆங்கிலத்துக்கே கிடைத்தன. சொல்லுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. சொல்லுக்குச் சந்தைதான் இருக்கவில்லை.

இனி அளவையின் உள்ளே நோக்குவோம். மேனாட்டு மருந்துச்சாலை கிறெயின், டிராம், மினிம் என்னும் அளவைகளிற் கணக்கிட்டது. பின்னர் கிராமும் மில்லிகிராமும் வந்தன. ஒரு கிறெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். ஒரு கிராம் அதனிலும் பதினைந்து மடங்கு. ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இரண்டுக்குமிடையே ஓர் எழுத்தே வேறுபாடு. ஓர் எழுத்தைத் தவறாக வாசித்தாற் பதினைந்து மடங்கு மருந்து வயிற்றுள் இறங்கும்.

குழந்தைகளின் அளவு இன்னும் நுட்பமானது. யங் என்பாரின் பெயரால் வழங்கும் பழைய விதி, குழந்தையின் வயதை அவ்வயதோடு 12 கூட்டிய தொகையால் வகுத்து, வளர்ந்தோர் அளவில் அந்தப் பின்னத்தைக் கொடுக்கச் சொல்லும். நான்கு வயதுக்கு நாலிலொன்று. வளர்ந்தோருக்கு 1000 மில்லிகிராம் பரசிற்றமோல் எனின், குழந்தைக்கு 250. இன்று கொள்ளப்படும் முறையோ நிறையைப் பொறுத்தது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. 16 கிலோ நிறையுள்ள நான்கு வயதுப் பிள்ளைக்கு அது 240. இரு கணக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் போசாக்கின்றி 11 கிலோவில் நிற்கும் அதே வயதுப் பிள்ளைக்கு 165 தான். வயது விதிப்படி கொடுத்தால் அதற்கு ஒன்றரை மடங்கு போய்ச்சேரும். விதி பொய்யன்று; அது நன்றாக உண்ட பிள்ளையை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. கடற்றொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குத் தராசின்றி மருந்தளிப்பது, வறுமைக்குமேல் நஞ்சையும் சேர்ப்பதாக முடியலாம். பரசிற்றமோல் மிகுந்தால் ஈரல் கெடும் என்பது அறிந்ததே.

பெயர்க்குழப்பம் பிறிதோர் அபாயம். ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் விற்கப்படும்போது, இரு பெயரில் ஒரே மருந்தை இருமுறை விழுங்குவது எளிது. இலங்கையின் முதலாவது மருந்தியற் பேராசிரியரும் இடதுசாரியுமான சேனக பிபிலே (1920–1977) இதனை விஞ்ஞானப் பிரச்சினையாக மட்டுமன்றி ஏகபோக முதலின் பிரச்சினையாகவும் கண்டார். கம்யூனிஸ்ட் தலைவர் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் அவர் அளித்த 1971 ஆம் ஆண்டு அறிக்கையையும் அவ்வாண்டு நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தையும் அடுத்து, இறக்குமதிப் பட்டியல் ஏறத்தாழ 2100 மருந்துகளிலிருந்து 600 அளவுக்குக் குறைந்தது. பொதுப்பெயர் வழக்கு, மருத்துவ உதவியாளர் மனத்திற் கொள்ளவேண்டிய பெயர்களைக் குறைத்தது. ஆயினும் அப்பொதுப்பெயரும் ஆங்கிலத்திலேயே நின்றது. கிறீன் தொட்ட பிரச்சினையைப் பிபிலேயின் சீர்திருத்தம் தொடவில்லை.

நமது சிறுபராயத்தில், மருந்துக் கலவைக்கு வீட்டிலிருந்தே போத்தல் கொண்டுசெல்வர். அதன் பக்கத்திற் பல்லுப் பல்லாக வெட்டிய கடதாசித் துண்டொன்றை ஒட்டித் தருவார்கள். ஒரு பல் ஒரு வேளை. எழுத்தறியாத கிழவியும் அதனை வாசித்தாள். குளிசைக் கடதாசி உறையில் இருந்ததோ இலத்தீன் சொற்களின் சுருக்கமான ரி.டி.எஸ். என்னும் மூன்றெழுத்து. நாளுக்கு மூன்று வேளை என்பது அதன் பொருள். 'காலமை ஒண்டு, மத்தியானம் ஒண்டு, இரவைக்கு ஒண்டு' என்று மருந்தாளர் வாயாற் சொல்லுவார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்த நாட்களிற் சொல்லாமலும் விடுவார். படகுக்கு நேரமாகிவிட்ட தாய் உறையை மடியிற் செருகிக்கொண்டு துறைக்கு ஓடுவாள்.