நீர், பெயர், குடி: மட்டக்களப்பில் ஞானஸ்நானம் வந்த வழி

பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குள் இறங்கினால் பழுகாமம். திரௌபதை அம்மன் கோயிலையும் தீமிதிப்பையும் கொண்டு அறியப்படும் ஊர். அங்கிருந்தும் வாவியின் இரு கரை ஊர்களிலிருந்தும் வந்து ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாம். நம்மில் திருநீறு பூசியவர்களே அதிகம். வேதக்கார வீட்டுப் பிள்ளைகள் சிலர். முஸ்லிம் பிள்ளைகளும் இருந்தார்கள். மிசனரிமார் தொடக்கிவைத்த கல்வியின் பயனை எல்லோரும் பெற்றோம். ஆயினும் அவர்களுடைய சமயத்தின் வாசற்படியான ஞானஸ்நானத்தைப் பற்றி நம்மிற் பலருக்குத் தெரிந்தவை இரண்டே: தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைப்பார்கள், அதைப் பெற்றவர் வேதத்துக்கு மாறியவர். இந்த நூற்றாண்டு மலரில் அதன் பொருளையும், நம் மண்ணில் அது கடந்துவந்த பாதையையும் எழுதிவைப்பது பொருத்தம் என எண்ணுகிறோம்.

சொல்லும் பொருளும்

மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபையினர் ஞானஸ்நானம் என்பார்கள். கத்தோலிக்கர் இன்று திருமுழுக்கு என்கிறார்கள். கிரேக்க மூலச் சொல்லுக்கு அமிழ்த்துதல், தோய்த்தல் என்று பொருள். அந்த வகையில் முழுக்கு என்ற தமிழ்ச்சொல் மூலத்துக்கு மிக நெருங்கியது. நம் பெண்களின் பேச்சில் அச்சொல்லுக்கு இன்னொரு ஆழமும் உண்டு. கருவுற்ற பெண்ணை "முழுகாமல் இருக்கிறாள்" என்கிறோம். பிள்ளை பிறந்து துடக்குக் கழியும் நாளிலும் முழுக்கு உண்டு. பிறப்போடு பின்னிய இச்சொல், மறுபிறப்பைக் குறிக்கும் சடங்குக்குப் பெயரானது நன்றாகவே அமைந்திருக்கிறது.

நீராடித் தூய்மை பெறுவது நமக்குப் புதிதன்று. ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தக் குளத்தில் முழுகப் போகாத குடும்பங்கள் குறைவு. நம் முஸ்லிம் தோழிகள் தொழுகைக்கு முன் வுழூச் செய்வதைக் கண்டிருக்கிறோம். இவை திரும்பத் திரும்பச் செய்யப்படுபவை. ஞானஸ்நானமோ வாழ்நாளில் ஒருமுறை மட்டும். காரணம், அது கழுவுதலை மட்டும் குறிப்பதில்லை. கிறிஸ்துவோடு இறந்து, அடக்கம் பண்ணப்பட்டு, அவரோடு உயிர்த்தெழுவதையே அது குறிக்கிறது என்று புனித பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் 6ஆம் அதிகாரம் விளக்குகிறது. தண்ணீருக்குள் போவது கல்லறைக்குள் போவது. வெளியே வருவது பிறப்பது.

இதனால்தான் ஆதித் திருச்சபை உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய இரவை ஞானஸ்நானத்துக்குச் சிறப்பான வேளையாகக் கொண்டது. பழைய ஞானஸ்நானத் தொட்டிகள் பல எட்டுப் பக்கங்களோடு கட்டப்பட்டன. ஏழு நாள் படைப்புக்குப் பின் வரும் எட்டாம் நாள், அதாவது உயிர்ப்பின் நாள், அதற்குப் பொருள். சிரியாவின் துரா எவுரோப்போசில் அகழ்ந்தெடுக்கப்பட்ட 3ஆம் நூற்றாண்டு வீட்டுக் கோயிலில், ஞானஸ்நான அறையின் சுவரில் பெண்கள் நடந்துசெல்லும் ஓவியம் இருக்கிறது. அக்காலச் சிரியாவில் ஞானஸ்நானம் பெறும் பெண்களுக்கு எண்ணெய் பூசும் பணி பெண் திருத்தொண்டர்களுக்குரியதாய் இருந்தது.

இன்றைய சடங்கின் பிற அடையாளங்களும் இதே பொருளைச் சொல்கின்றன. நெற்றியில் இடும் சிலுவை, யாருக்கு உரியவர் என்பதைக் காட்டுகிறது. வெள்ளை உடை புதிய வாழ்வு. பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றிக் கொடுக்கும் மெழுகுதிரி பெற்றுக்கொண்ட ஒளி. ஞானத்தாயும் ஞானத்தந்தையும், பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்குச் சாட்சிகள்.

சபைகளுக்குள் வேறுபாடும் உண்டு. கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். பெரும்பாலும் தலையில் நீர் வார்ப்பார்கள். பப்திஸ்தரும் பெந்தெகொஸ்தே சபையினரும் தானே விசுவாசித்துக் கேட்கும் வயது வந்தவர்களையே முழுதாக அமிழ்த்துவார்கள். அருள் நாம் கேட்பதற்கு முன்னரே வருகிறது என்பது ஒரு சாராரின் அழுத்தம். மனிதர் தம் வாயால் பதில் சொல்ல வேண்டும் என்பது மற்றவர்களின் அழுத்தம். 1982இல் பெரு நாட்டின் லீமாவில் கூடிய பல சபைகளின் இறையியலாளர்கள் இரண்டு வழக்கங்களையும் மதித்து ஒரு பொது அறிக்கை வெளியிட்டார்கள்.

பட்டியலில் ஏறிய நீர்

நம் நாட்டில் இந்தச் சடங்கு ஆட்சியோடு சேர்ந்து வந்தது. 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் ஆண்ட கரையோரங்களில் ஞானஸ்நானம் அரச அலுவலாகவே மாறியது. பாடசாலை ஆசிரியரே பிள்ளைகளின் ஞானஸ்நானத்தையும் ஊராரின் விவாகத்தையும் பாடசாலைத் தோம்பில் பதிந்தார். பதிவில்லாத விவாகத்தின் பிள்ளைகளுக்குச் சொத்துரிமை ஐயத்துக்குள்ளானது. உத்தியோகத்துக்கும் கிறிஸ்தவப் பெயர் வேண்டியிருந்தது. காணிக்காகவும் பதவிக்காகவும் தலையை நீட்டியவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் கோயிலையே கும்பிட்டார்கள். மட்டக்களப்பில் இந்தப் பிடி யாழ்ப்பாணத்தைப் போலவோ தென்மேற்குக் கரையைப் போலவோ இறுகவில்லை.

அதே காலத்தில் மறுபக்கமும் இருந்தது. கத்தோலிக்கக் குருமார் தடைசெய்யப்பட்டிருந்தனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது மரணதண்டனைக்குரிய குற்றம். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசப் வாஸ் அடிகளார், குருமார் இல்லாத ஊர்களில் சபையைக் காக்க மூப்பரையும் அண்ணாவியையும் ஏற்படுத்தினார். ஆக, ஒரே ஆட்சியின் கீழ் ஒரு சாரார் சலுகைக்காக நீரைப் பெற்றார்கள். இன்னொரு சாரார் உயிரைப் பணயம் வைத்து நம்பிக்கையைக் காத்தார்கள். சடங்கு ஒன்றுதான், அதைப் பெற்றவர்களின் சுதந்திரமே வேறு.

1806இல் ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கினார். 1814இல் மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ற் மட்டக்களப்புக்கு வந்தார். வரும் வழியிலேயே மனைவியைக் கடலில் இழந்தவர். 1815 ஏப்ரல் 1ஆம் திகதி தாமும் காலமானார். அந்தச் சில மாதங்களில் அவர் தொடக்கியவை பாடசாலைகள். பின்வந்த மிசனரிமாரும் பெயரளவுக் கிறிஸ்தவர்களைப் பெருக்கிய பழைய முறையைக் குறைகூறி, முதலில் போதனை, பிறகே ஞானஸ்நானம் என்று வற்புறுத்தினார்கள். அவர்கள் மனமாற்றத்தை விரும்பியே பள்ளி வைத்தார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. படித்தவர்களிற் பெரும்பான்மையோர் தங்கள் சமயத்திலேயே நின்றார்கள் என்பதும் உண்மை. கதவு திறந்திருந்தது, வேண்டாம் என்று சொல்லவும் முடிந்தது.

குடியும் ஞானக் குடும்பமும்

"ஞானஸ்நானம் எடுத்தால் நம் சனத்தை விட்டுப் போய்விடுவாளோ" என்பதுதான் வீடுகளில் எழுந்த பயம். இது சிறிய பயமன்று. மட்டக்களப்பில் மனிதர் தாய்வழிக் குடியில் பிறக்கிறார்கள். பழைய முக்குவர் சட்டம் சொத்தையும் அந்த வழியிலேயே செலுத்தியது. 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு அது வழக்கிழந்தது. சட்டம் போனாலும் குடி போகவில்லை. நம் பகுதி முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி உண்டு என்பது, சமயம் வேறானாலும் தாய் கொடுத்த உறவு நிற்கும் என்பதற்குச் சான்று. எங்களுக்குத் தெரிந்த கிறிஸ்தவ வீடுகளிலும் அம்மம்மாமார் குடியைச் சொல்லித்தான் சம்பந்தம் பேசினார்கள். ஞானஸ்நானம் ஒரு புதிய குடும்பத்தைக் கூட்டித் தருவது. பெற்ற வயிற்றை அழிப்பதன்று.

பெறாத குழந்தை

வைத்தியத்துறைக்குச் சென்ற எங்களுக்கு இந்தச் சடங்கின் கனம் தெரிவது குறைமாதக் குழந்தைகளின் விடுதியில்தான். "ஃபாதர் வரும்வரைக்கும் பிள்ளை தாங்குமா, டொக்டர்?" என்று கேட்கும் தாயை எங்களுள் பலர் சந்தித்திருக்கிறோம். ஆபத்து வேளையில் எவரும், தாம் ஞானஸ்நானம் பெறாதவராய் இருந்தாலும், திருச்சபையின் நோக்கத்தோடு நீர் வார்த்து, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் அதைக் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்கச் சட்டம். மத்தியகால ஐரோப்பாவில் மருத்துவிச்சிகளுக்கு இது கற்பிக்கப்பட்டது. நெற்றியில் திருநீறோடு நிற்கும் தாதியும் இதைச் செய்ய முடியும் என்பதைப் பலர் அறியார்.

அதற்கும் நேரமில்லாமற் போன குழந்தை என்னவாகும்? இந்தக் கேள்வி நூற்றாண்டுகளாகத் தாய்மாரை வதைத்தது. 5ஆம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீன் கடுமையாகவே பதில் சொன்னார். பின்வந்தவர்கள் அதைத் தணித்து, லிம்போ என்ற இடைநிலையைச் சொன்னார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் 1662 செபப் புத்தகம், ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கு அடக்க ஆராதனையைப் பயன்படுத்தக் கூடாது என்றது. 2007இல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணைக்குழு, அத்தகைய குழந்தைகளும் மீட்கப்படுவார்கள் என்று நம்பப் போதிய காரணம் உண்டு என்று எழுதியது. கத்தோலிக்கச் சட்டமும் அவர்களை முறைப்படி அடக்கம் செய்ய ஆயர் அனுமதி கொடுக்கலாம் என்கிறது. இழந்த தாய்மாருக்கு இதைச் சொல்ல வேண்டியது நம் கடமை. அன்பின் அடையாளமான நீரை ஒரு குழந்தையை வெளியே நிறுத்தும் வேலியாக்கக் கூடாது.

1978 சூறாவளியையும் 2004 கடல்கோளையும் கண்ட நமக்கு, தண்ணீர் உயிரை மட்டும் தரும் என்று யாரும் சொல்லித்தர முடியாது. ஞானஸ்நானமும் அப்படிச் சொல்வதில்லை. கொல்லும் நீரையே அது எடுக்கிறது. அதற்குள் இறங்கியவரைத் தனியே விடாமல் மறுகரையில் சேர்க்க ஒருவர் இருக்கிறார் என்கிறது. அதை ஏற்பதும் விடுவதும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. அந்தச் சுதந்திரம் காக்கப்படும் இடத்தில்தான் சடங்குக்கும் பொருள் உண்டு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். யுத்தத்திலும் வெள்ளத்திலும் பிறப்புப் பத்திரங்கள் அழிந்த குடும்பங்களில், பழைய ஞானஸ்நானச் சான்றிதழோ ஓலைச் சாதகமோ தான் பிறந்த நாளைச் சொல்லும் ஒரே சாட்சியாய் எஞ்சியிருக்கிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் வாழும் சகோதரிகள், தங்கள் பெட்டிகளில் இருப்பவற்றைப் பிரதியெடுத்துச் சங்கத்துக்கு அனுப்பிவைப்பார்களாக. தாயின் பெயரும் ஞானத்தாயின் பெயரும் அருகருகே எழுதப்பட்ட அந்தத் தாள்களில் நம் பெண்களின் வரலாறு இருக்கிறது.