பட்டமும் பதவியும்

பட்டதாரி ஒருவர் தொழில் பெற்றுவிட்டாரா என வினவும் நாம், அவர் கற்ற கல்வி அத்தொழிலில் பயன்படுகின்றதா என வினவுவதில்லை.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது பட்டம் பெற்று வெளியேறியோர் சிலரே. அரச நிர்வாகமும் ஆசிரியத் தொழிலும் அவர்களை இலகுவில் உள்வாங்கிக் கொண்டன. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், 1960 இல் கலைப் பீடத்தை எட்டிய தாய்மொழி மூலப் போதனையும் கிராமப்புறப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் வாயிலைத் திறந்தன. ஆயினும் வாயில் அகன்ற வேகத்தில் தொழில்கள் பெருகவில்லை. ஏப்ரல் கிளர்ச்சி நிகழ்ந்த 1971 ஆம் ஆண்டிலேயே, டட்லி சீயர்ஸ் தலைமையிலான சர்வதேச தொழில் ஸ்தாபனக் குழு, படித்த இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைகளுக்கும் இடையிலான பொருத்தமின்மையைச் சுட்டிக்காட்டியது.

அந்த இடைவெளி இன்னும் மூடப்படவில்லை. 2017 இல் வடக்கு, கிழக்குப் பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரத்தில் அமர்ந்து போராடினர். 2020 இல் அரசாங்கம் சுமார் 50,000 பட்டதாரிகளை மாதாந்தம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் பயிலுநர்களாக இணைத்துக் கொண்டது. இத்தகைய நியமனங்கள் குடும்பங்களுக்கு ஆறுதலளித்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் புவியியல் கற்றவரும், இந்து நாகரிகம் கற்றவரும், இஸ்லாமிய நாகரிகம் கற்றவரும் பிரதேச செயலகமொன்றில் ஒரே கடமைக்கு அமர்த்தப்படும்போது, பட்டம் வெறும் அனுமதிச் சீட்டாகிவிடுகின்றது.

மருத்துவத்தில் நிலைமை வேறு. பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவனத்தில் ஒரு துறையில் நிபுணத்துவம் பெறும் வைத்தியர், அத்துறையிலேயே நியமனம் பெறுகின்றார். பயிற்சியும் பதவியும் இணைத்து நோக்கப்படுவதே இதற்குக் காரணம். ஆனால் 2022 இன் பொருளாதார நெருக்கடியை அடுத்து நிபுணர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறியமை, பொருத்தமான பதவியுடன் போதிய ஊதியமும் அவசியம் என்பதை உணர்த்தியது.

இவற்றைக் கொண்டு கலைக் கல்வி பயனற்றது எனக் கூறுவது தவறாகும். அரச அலுவலகங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை நெடுங்காலக் குறைபாடாகும். மறுபுறம், தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றோர் வேலைக்குக் காத்திருக்கின்றனர். அவர்களது பட்டத்தோடு சிங்களப் புலமையும் மொழிபெயர்ப்புப் பயிற்சியும் சேருமாயின் இரு குறைகளும் ஒருங்கே குறையும்.

யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்கள் தம்மிடம் கற்று வெளியேறியோரைச் சில ஆண்டுகளின் பின்னரும் அணுகி, கற்றவற்றுள் எது கைகொடுத்தது, எது கைவிட்டது எனக் கேட்டறிய வேண்டும். அந்தப் பதில்கள் பாடத்திட்டத்தில் இடம்பெறாதவரை, அடுத்த தலைமுறையும் அதே வீதியோரத்தில் அமர நேரிடும்.