தொழிற்சாலை வைத்த சாவி

இணையத்தோடு இணைந்த கருவிகளின் பாதுகாப்பைப் படிக்கிறேன் என்றால் செரண்டாவில் முதல் கேள்வி, "ஹேக்கிங்கா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "அதுல சம்பளம் எவ்ளோ?" மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது என்பதுதான் அது. காலி லினக்ஸ் இறக்கு, இந்தக் கட்டளையை அடி என்று சொல்லித்தர ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொறியியல் படித்தபோது, ஒரு சின்ன சிப்பை எப்படி இணையத்தில் ஏற்றுவது என்று கற்றுக்கொண்டோம். ஏற்றிய பிறகு அதற்குள் யார் யார் வருவார்கள் என்பது பாடத்தில் இல்லை.

இந்தத் துறைக்குள் வருகிறவர்கள் கருவியைத் தொடுவதற்கு முன்னால் அதன் வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. அதில் பெரும்பகுதி ஒரே ஒரு சாவியின் கதை.

எங்கள் வட்டாரத்தில் தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. தோட்டத்தில் ராத்திரிக் காவலுக்கு ஜாகா என்று ஒருவர் இருப்பார். எல்லோருக்கும் அவரைத் தெரியும், அவருக்கும் எல்லோரையும் தெரியும். இப்போது அந்த வேலையைக் கேட்டுக்கு மேலே மாட்டிய கேமரா பார்க்கிறது. கேமரா என்று சொல்கிறோமே தவிர, அது இருபத்து நான்கு மணி நேரமும் அணையாத ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். உள்ளே பெரும்பாலும் லினக்ஸ்தான் ஓடும். அதற்கும் ஒரு பயனர் பெயர், ஒரு பாஸ்வேர்ட். எங்கள் வரிசையில் கேமரா மாட்டித் தந்த அண்ணன் ஒருவர் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "அங்கிள், பாஸ்வேர்ட மட்டும் மாத்திடாதீங்க. நாளைக்குக் கெட்டுப் போனா நான் எப்படி உள்ள போறது?" அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் மாட்டிய எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி. அவர் பிழைப்பு அப்படி.

ஆனால் அந்தச் சாவி அவருக்கு மட்டும் தெரிந்ததில்லை. 1988 நவம்பர் 2ஆம் தேதி கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் ஒரு புழுவை இணையத்தில் விட்டார். அது பரவிய வழிகளில் ஒன்று, பாஸ்வேர்டை ஊகிப்பது. முதலில் பயனரின் பெயரையே போட்டுப் பார்க்கும், பிறகு அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும், அதன் பிறகு தன்னிடமிருந்த 432 சொற்களை ஒவ்வொன்றாக முயலும். அப்போது இணையத்தில் இருந்தவையே சுமார் 60,000 கணினிகள்தான். அதில் 6,000 விழுந்தன என்பது அன்றைய மதிப்பீடு. அந்த அதிர்ச்சியில்தான் அமெரிக்காவில் முதல் கணினி அவசர உதவிக் குழு பிறந்தது. நம் நாட்டின் மைசெர்ட் 1997இல் வந்தது.

அடுத்து 2012. பெயர் சொல்லாத ஒருவர், பாஸ்வேர்டே இல்லாத, அல்லது 'அட்மின்-அட்மின்', 'ரூட்-ரூட்' என்று இருந்த சுமார் 4,20,000 கருவிகளுக்குள் நுழைந்து, அவற்றை வைத்தே முழு இணையத்துக்கும் கணக்கெடுப்பு நடத்தி, முடிவை வெளியிட்டார். எச்சரிக்கை மணி என்றால் அதுதான். யார் காதிலும் விழவில்லை.

நான்கு வருடத்தில் மிராய் வந்தது. அப்போது நான் எஸ்.டி.பி.எம். வயதுப் பையன். ஒரு வெள்ளிக்கிழமை, 2016 அக்டோபர் 21, டைன் என்ற நிறுவனம் தாக்கப்பட்டு டிவிட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை. ஒரு மாதத்துக்கு முன்பு பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸின் தளத்தின் மேல் வினாடிக்கு 620 கிகாபிட் அளவுக்குக் குப்பையைக் கொட்டியதும் இதே மிராய்தான். ஏதோ ஒரு நாட்டின் ராணுவம் என்று உலகம் பயந்தது. கடைசியில் பார்த்தால், அதை எழுதியவர்கள் இருபது வயதை ஒட்டிய மூன்று அமெரிக்கப் பையன்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர் வியாபாரத்தில் போட்டியாளரைக் கவிழ்க்கத் தொடங்கிய வேலை. 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள் என்ற செய்தி வெளியானது. டைன் தாக்குதலை நடத்தியது அவர்கள்தானா என்பது வேறு விஷயம். ஏனென்றால் அதற்குள் மிராயின் நிரலை அவர்களே பொதுவில் விட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம் என்ற நிலை.

அந்த நிரலை நான் பாடப்புத்தகம் மாதிரி படித்தேன். சி மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும். பிரமாதமான தந்திரம் எதுவும் அதில் இல்லை. ஏதோ ஒரு இணைய முகவரியை எடு, டெல்நெட் கதவைத் தட்டு, 62 ஜோடி பெயர்-பாஸ்வேர்டில் சிலவற்றைப் போட்டுப் பார். அவ்வளவுதான். 1988இல் 432 சொல் தேவைப்பட்ட இடத்தில், 28 வருடம் கழித்து 62 போதும் என்றாகிவிட்டது! அந்த 62இல் ஒன்று 'எக்ஸ்சி3511'. ஒரு சீன நிறுவனம் செய்த பலகைகளில் இருந்த ரூட் பாஸ்வேர்ட். அதே பலகையைப் பல பிராண்டுகள் தங்கள் பெயர் ஒட்டி விற்றன.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கேமராவின் இணையப் பக்கத்தில் போய்ப் பாஸ்வேர்டை மாற்றினாலும் டெல்நெட்டின் பாஸ்வேர்ட் மாறாது. அது உள்ளேயே பொறிக்கப்பட்டது. அதாவது அங்கிள் ஒழுங்காக மாற்றியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. அப்படியிருந்தும், இன்றுவரை எந்த விழிப்புணர்வுப் பேச்சிலும் முதல் வரி, "உங்கள் பாஸ்வேர்டை மாற்றுங்கள்." பூட்டே பொய்யாக இருக்கும்போது வீட்டுக்காரன் மேல் பழி.

2017இல் இன்னொரு கூத்து. தன்னைத் துப்புரவாளன் என்று அழைத்துக்கொண்ட ஒருவர், பிரிக்கர்பாட் என்ற நிரலால் பாதுகாப்பில்லாத கருவிகளைத் தேடித் தேடிக் கொன்றார். செத்த கருவியை மிராய் பிடிக்க முடியாது என்பது அவர் நியாயம். அந்த ஜூலையில் இந்தியாவில் பி.எஸ்.என்.எல். இணைப்புள்ள பல ஆயிரம் மோடம்கள் முடங்கின. பின்னால் அதற்கு உரிமை கோரியதும் அவர்தான். கோளாறு எங்கே என்றால், மாற்றாமல் விட்ட தொழிற்சாலைப் பாஸ்வேர்ட். அப்போதும் நிறுவனம் வாடிக்கையாளரிடம் சொன்னது, மாற்றுங்கள் என்று. அந்தத் துப்புரவாளனை நியாயவான் என்று சில பொறியாளர் நண்பர்கள் சொல்வார்கள். நான் ஏற்கமாட்டேன். மோடம் செத்த வீட்டில் இருப்பவர், அதைச் செய்த கம்பெனியின் முதலாளி இல்லை.

பழி இடம் மாற இவ்வளவு காலம் ஆனது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாதிரியான, சுலபமாக ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டோடு கருவியை விற்பது சட்டப்படி குற்றம். எவ்வளவு காலம் அப்டேட் தருவோம் என்றும் சொல்லியாக வேண்டும். நமக்கும் அதே வருடம் ஆகஸ்ட் 26இல் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024 அமலுக்கு வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அதன் கவனம் மின்சாரம், தண்ணீர், வங்கி மாதிரியான முக்கியக் கட்டமைப்பின் மேல். அங்கிள் வீட்டு கேட் கேமரா அதன் கணக்கில் இல்லை.

படிக்க வருகிற தம்பி தங்கைகளுக்கு இன்னொரு சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். கணினிக் குற்றச் சட்டம் 1997. அனுமதியில்லாமல் அடுத்தவர் கருவிக்குள் போனால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். "சும்மா டெஸ்ட் பண்ணேன் லா" என்பது பதில் ஆகாது. அதனால் என் மேசையில் இருப்பதெல்லாம் என் காசில் வாங்கிய பழைய ரவுட்டர்கள். மூடியைத் திறந்தால் பலகையில் மூன்று நான்கு பின்கள் வரிசையாக இருக்கும். மூன்று ஒயரை யூஎஸ்பி மாற்றியோடு சேர்த்து, வேகத்தை 115200 என்று வைத்தால், பல கருவிகள் தங்கள் வயிற்றில் இருப்பதையெல்லாம் திரையில் ஒப்பிக்கும். பிறகு ஃபெர்ம்வேரைப் பிரித்து, பாஸ்வேர்ட் கோப்பைத் தேடுவேன். இதற்கு மேதை தேவையில்லை. பொறுமை போதும்.

ஒரு ராஸ்பெரி பையில் கௌரி என்ற போலிக் கதவையும் ஓட்டுகிறேன். உள்ளே ஒன்றும் இல்லை, தட்டுகிறவர்களைக் குறித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. காலையில் கோமுட்டர் ஏறுவதற்கு முன் பதிவைப் பார்ப்பேன். 'அட்மின்', 'ரூட்', '123456' எல்லாம் வரிசையாக நிற்கும். சில நாள் அந்த 'எக்ஸ்சி3511'உம் வரும்.