தேநீர்க்கடை கண்ட கணிப்பொறி

தலைமையாசிரியனாய் இருந்த நாளில் மாதந்தோறும் சம்பளப் பட்டியலோடு மல்லாடியவன் நான்; ஆதலின் இவ்வரலாறு எனக்கு உவப்பானது. இலண்டன் மாநகரின் லயன்ஸ் தேநீர்க்கடை நிறுவனத்தார், 1947-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிப்பொறி ஆராய்ச்சிக்கு 3,000 பவுன் ஈந்தனர். அங்கு வில்க்ஸ் குழுவினர் ஆக்கிய எட்சாக் 1949 மே 6-இல் இயங்கிற்று. அதனை அடியொற்றி லயன்ஸார் சமைத்த லியோ, 1951-இல் ரொட்டிச்சாலைக் கணக்கை ஏற்றது. பொறியினும் அரியது, வேலைமுறையையே அவர்கள் துருவி ஆராய்ந்தமை. கடைத் தலைவியர் நாள்தோறும் முழுப்பட்டியல் எழுதுவானேன்? வழக்கமான தேவையைப் பொறி நினைவிற் கொள்ள, மாறுதலை மட்டும் தொலைபேசியில் உரைக்கும் ஏற்பாடு 1954-இல் வந்தது. எழுத்தர் எட்டு நிமிடத்தில் போட்ட ஓராள் சம்பளக் கணக்கை லியோ ஒன்றரை வினாடியில் முடித்தது. இதைப் படித்தபோது, என் பள்ளியில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கூட்டல் போட்ட முதிய எழுத்தரே என் கண்முன் நின்றார், மகிழ்ந்திருப்பாரோ, அஞ்சியிருப்பாரோ!