பிறர் பணமும் நம்பிக்கைப் பொறுப்பும்

பிறர் பணத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கு ஒழுக்கநெறி வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. வங்கிகளும் கணக்காளர் கழகங்களும் நெறிக்கோவைகளை அழகுற அச்சிட்டு வைத்திருக்கின்றன. ஆயினும், "கணக்கைக் காட்டு" என்று கேட்கும் வலிமை பணத்துக்கு உரியவனிடம் உண்டா? நெறியின் உண்மையை அளக்கும் உரைகல் இதுவே. இதைக் கற்பதற்குக் கொழும்பின் வங்கி மாளிகைகளைவிடக் களனிப் பள்ளத்தாக்கின் இறப்பர்த் தோட்டங்களே நமக்கு ஏற்ற பாடசாலை.

யட்டியாந்தோட்டைக்குச் செல்லும் வழியிலுள்ள கரவனெல்லவைச் சூழ்ந்த தோட்டங்களாயினும் சரி, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களாயினும் சரி, தமிழகக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவன் கங்காணியே. வழிச்செலவும் முன்பணமும் கடனாக எழுதப்பட்டன. தோட்டத்தில் காலடி வைக்கும் முன்பே தொழிலாளி கடனாளியானான். எழுத்தறியாத அவனுக்குக் கங்காணி சொன்னதே கணக்கு.

கூட்டம் தோட்டம் மாறவேண்டுமாயின் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்பேன் என்று துரை எழுதித்தரும் சீட்டு அது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி ஆட்களை ஏற்றது. ஆட்களுக்குத் தட்டுப்பாடு மிகுந்தபோது துண்டின் தொகையும் ஏறியது. ஏறிய பணம் பெரும்பாலும் கங்காணியின் மடிக்குப் போயிற்று. கடன் மட்டும் தொழிலாளியின் தலையில் அமர்ந்தது. துரைக்கும் கங்காணிக்கும் இடையே நாணயம் இருந்திருக்கலாம். யாருடைய உழைப்பு ஈடாக வைக்கப்பட்டதோ, அவனுக்கு அந்த நாணயத்தில் பங்கில்லை. 1921இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது.

அடுத்த பெரும்படி, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்த ஊழியர் சேமலாப நிதி. இன்று தொழிலாளியின் வேதனத்தில் நூற்றுக்கு 8 பங்கு. தொழில்தருநர் தருவது 12 பங்கு. தொழில் ஆணையாளர் நிருவகிக்க, மத்திய வங்கி பணத்தைக் காக்கிறது. 1980ஆம் ஆண்டின் சட்டத்தால் இன்னொரு நிதி அமைந்தது. அதன் பெயரே ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி! கடன்சீட்டில் பெயர் எழுதப்பட்டவன் சேமிப்பேட்டில் பெயர் பெற்றான். இது சிறு மாற்றமன்று.

ஆனால், பொறுப்பு காக்கப்பட்டதா? 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. பின்னாளில் அரசுத் தோட்ட நிறுவனங்களே தொழிலாளரின் நிதியைச் செலுத்தாது நிலுவை வைத்தன. ஒருவன் கூலியில் பிடித்த பணத்தை உரிய இடத்தில் சேர்க்காமை கவனக்குறைவன்று, நம்பிக்கைத் துரோகம். உடைமை மாறினால் மட்டும் ஒழுக்கம் தானே பிறந்துவிடாது என்ற கசப்பான பாடத்தை முற்போக்காளராகிய நாமும் கற்றேயாகவேண்டும்.

அரசின் கடன்முறிகளை விற்பதும், தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டு அதே முறிகளை வாங்குவதும் நெடுங்காலம் மத்திய வங்கியின் ஒரே கூரையின்கீழ் நடந்தன. விற்பவனும் வாங்குபவனும் ஒருவனேயாயின் பேரம் பேசுவது யார்? 2015 பெப்ரவரி முறி ஏலத்தைத் தொடர்ந்து எழுந்த ஊழலை விசாரித்த சனாதிபதி ஆணைக்குழு, சேமலாப நிதிக்கு நேர்ந்த நட்டத்தையும் எடுத்துக்காட்டியது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது வங்கிகளின் திறைசேரி முறிகள் விலக்கப்பட்டன; ஓய்வுகால நிதிகளோ உள்ளிழுக்கப்பட்டன. இணங்காவிடில் முறி வருமானத்துக்கான வரி நூற்றுக்கு 14இலிருந்து 30 ஆகும் என்பதே அவற்றின்முன் வைக்கப்பட்ட 'தெரிவு'. வங்கிகள் வீழ்ந்தால் வைப்பாளரும் வீழ்வர் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும், பால்வெட்டி வாழ்ந்தவரின் முதுமைச் சோற்றைப் பற்றி முடிவெடுக்கும்போது அவரிடம் ஒரு சொல் கேட்டவர் யார்?

நம்பிக்கைப் பொறுப்பு என்பது காப்பவனின் நற்குணத்தை மட்டும் நம்பி நிற்பதன்று. உரியவன் படிக்கக்கூடிய மொழியில் கணக்கு வரவேண்டும். நிதியை ஆளும் சபையில் உழைப்பவனின் பிரதிநிதிக்கு இடம் வேண்டும். நிலுவை வைப்பவன் அரசேயானாலும் தண்டம் வேண்டும். ஆசிரியர்களே, மாணவர்களே! லயத்துப் பிள்ளைக்கு நாம் கற்பிக்கும் எழுத்தும் எண்ணும் பரீட்சைக்கு மட்டுமல்ல. தன் தாயின் சேமலாபக் கணக்கைப் படித்து, பிழை கண்டால் கேள்வி கேட்பதற்கும்தான்.